நால்வர் ஆட்டத்தில் ஒருவர் கணக்கு: கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதி இளைஞர்கள் பலர் இரவில் அணி சேர்ந்து பிஜிஎம்ஐ (கைபேசியில் அணிகள் கடைசிவரை உயிர் பிழைக்கப் போராடுவது), வேலரண்ட் (ஐவருக்கு ஐவர் மோதுவது) முதலிய துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் பயிற்சி எடுக்கிறார்கள். உள்ளூர் அணிகளுக்கு ஆட்டத் திட்டம் வகுத்துக் கொடுப்பவன் என்பதால் என்னிடம் அனுப்பப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை, அணியில் ஒருவர் தனக்காக மட்டும் ஆடினால் என்ன செய்வது என்பதைச் சுற்றியே இருந்தன. கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (தங்கச்சிமடம், விசைப்படகுத் தொழிலாளி): அண்ணே, எங்கள் ஸ்குவாடில் (நால்வர் அணியில்) ஒருவன் மேட்சுக்கு ஐந்தாறு கில் எடுத்துவிடுகிறான் (எதிரிகளை வீழ்த்திவிடுகிறான்). ஆனாலும் நாங்கள் பட்டியலின் அடியில்தான் கிடக்கிறோம். கில் எடுப்பவனைக் குறை சொல்ல முடியுமா?

பதில்: கில் எடுப்பதைக் குறை சொல்ல வேண்டாம், தம்பி. அந்தக் கில்லுக்காக அணி எதை இழந்தது என்று பாருங்கள். இப்போது பிஜிஎம்ஐ போட்டிகளில் பரவலாக உள்ள முறைப்படி 16 அணிகள், அதாவது 64 பேர், களமிறங்குகிறார்கள். முதலிடத்துக்கு 10 புள்ளி. இரண்டாம் இடம் முதல் எட்டாம் இடம் வரை முறையே 6, 5, 4, 3, 2, 1, 1. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கில் ஒன்றுக்கு ஒரு புள்ளி. உங்கள் ஆள் ஆறு கில் எடுத்துவிட்டு விழுந்து, அவரை எழுப்பப் போன மூவரும் அடுத்தடுத்து விழுந்து, அணி பன்னிரண்டாம் இடத்தில் வெளியேறினால் மிஞ்சுவது ஆறே புள்ளி. மூன்றே கில்லுடன் கடைசி ஜோன் (சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டம்) வரை நின்று இரண்டாம் இடம் பிடித்த அணிக்கு ஒன்பது.

விழுந்த இடத்தையும் கவனியுங்கள். நாக் ஆனவரை (அடிபட்டு விழுந்தும் இன்னும் சாகாதவரை) எழுப்ப 10 விநாடி ஆகிறது. அந்த 10 விநாடியும் எழுப்புபவரால் சுட முடியாது. அணிக்குப் பக்கத்தில், சுவர் மறைவில் ஒருவர் விழுந்தால் ஒரு ஸ்மோக் (புகைக்குண்டு) போட்டு வேலையை முடித்துவிடலாம். சொல்லாமல் கொள்ளாமல் 200 மீட்டர் தள்ளி ரஷ் போய் (எதிரி மேல் பாய்ந்து) வெட்டவெளியில் விழுந்தால், மற்ற மூவருக்கும் இரண்டு வழிகள்தான் உண்டு: அவரை விட்டுவிட்டு மூன்று பேராக ஆடுவது, அல்லது ஜோனை விட்டுவிட்டு அவரிடம் போவது. இரண்டையுமே அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை; அவர் தேர்ந்தெடுத்து அவர்கள் தலையில் கட்டிவிட்டார். சுயநல ஆட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி (கீழக்கரை, கல்லூரி மாணவர்): காக்கா (அண்ணா), ஏர்டிராப்பை (விமானம் போடும் ஆயுதப் பெட்டியை) யார் எடுப்பது என்பதில் எங்களுக்குள் தினமும் சண்டை. முதலில் ஓடிப் போய்த் திறந்தவருக்குத்தானே உரிமை?

பதில்: ஓட்டப் பந்தயத்தில் அப்படி. ஏடபிள்யூஎம் துப்பாக்கி ஏர்டிராப்பில்தான் கிடைக்கும், அதற்கான குண்டும் சொற்பம்; தூரத்து இலக்கை நிதானமாக அடிக்கத் தெரிந்தவர் கையில் அது இருந்தால் நால்வருக்கும் பாதுகாப்பு, நெருக்கத்தில் சண்டை போடுபவர் முதுகில் தொங்கினால் வெறும் சுமை. போட்டிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: ஸ்னைப்பர் யார், முன்னால் போகிறவர் யார், லெவல் 3 (மிக வலுவான) ஹெல்மெட் முதலில் யாருக்கு. நான் அணிகளைப் பார்க்கும்போது துப்பாக்கிச் சண்டையை அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் பையில் ஏழெட்டு ஃபர்ஸ்ட் எய்ட் கிட் இருக்க, பக்கத்தில் இருப்பவர் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். அது தெரிந்துவிட்டால் அந்த அணியைப் பற்றி வேறு கேள்வி கேட்கத் தேவையில்லை.

கேள்வி (ராமநாதபுரம், கேமிங் கஃபேயில் வேலரண்ட் ஆடுபவர்): எங்கள் ஐவரில் ஒருவர் ஸ்கோர்போர்டில் எப்போதும் முதலிடம். ஆனால் அவர் எங்களை இரையாக விட்டுப் பின்னால் நின்று கில் எடுக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படி உறுதிசெய்வது?

பதில்: ஆட்டத்தைப் பதிவு செய்து, நீங்கள் இறந்த ஒவ்வொரு தடவையும் வீடியோவை நிறுத்தி, அந்த நேரத்தில் அவர் எங்கே நின்றார் என்று மினிமேப்பில் பாருங்கள். ஒரு சைட்டுக்குள் (தாக்கும் அணி குண்டு வைக்க வேண்டிய இடத்துக்குள்) முதலில் நுழைபவர் சாக வாய்ப்பு மிக அதிகம். அது தெரிந்துதான் அவர் நுழைகிறார். அவரைச் சுட்டவன் அடுத்த கோணத்துக்குத் திரும்புவதற்குள், ஓரிரு விநாடியில், இரண்டாமவர் அவனைச் சுட்டுவிட்டால் அது டிரேட். நாலுக்கு நாலு என்று ஆட்டம் சமநிலைக்கு வந்துவிடும். உங்கள் நண்பர் ஒவ்வொரு முறையும் டிரேட் செய்ய முடியாத தூரத்தில், ஒரு மூலை தள்ளியே நின்றால் உங்கள் சந்தேகம் சரிதான். அவர் எடுக்கும் கில்கள் சுற்று கைநழுவிய பிறகு, எதிரணி அலட்சியமாக நடந்துவரும்போது விழுபவை. சுற்றின் முடிவை அவை மாற்றுவதில்லை.

இதே வகைத் துப்பாக்கி ஆட்டமான கவுண்டர் ஸ்டிரைக் உலகில் இதற்காகவே கேஏஎஸ்டி என்றொரு அளவீடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் கில் எடுத்த, அசிஸ்ட் செய்த (தோழரின் கில்லுக்கு உதவிய), உயிர் பிழைத்த, அல்லது இறந்தாலும் தோழரால் டிரேட் செய்யப்பட்ட சுற்றுகள் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதை அது காட்டும். முதலில் நுழைந்து இறப்பவரின் உழைப்பு கணக்கில் ஏறுவது நல்ல விஷயம். ஆனால் பதுங்கிப் பிழைத்தவருக்கும் அதே கணக்கில் லாபம் உண்டு என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் வீடியோவைப் பார்க்கச் சொல்கிறேன்.

பணக் கணக்கையும் பாருங்கள். வேலரண்டில் வேண்டல் துப்பாக்கி 2900 கிரெடிட் (ஆட்டத்துக்குள் புழங்கும் காசு), கனமான கவசம் 1000. தோற்ற சுற்றுக்குப் பிறகு நான்கு பேர் எதுவும் வாங்காமல் சேமிக்க முடிவு செய்யும்போது ஒருவர் மட்டும் முழுதாக வாங்கினால், அந்தச் சுற்றில் அவருக்கு ஒன்றிரண்டு கில் கிடைக்கலாம். அடுத்த சுற்றில் மற்ற நால்வர் கையிலும் வேண்டல் இருக்கும்போது அவர் கையில் பிஸ்டல் இருக்கும். கிரெடிட் குவித்து வைத்துக்கொண்டு, கையில் காசில்லாத தோழருக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கீழே போட மனம் வராதவரும் இதே ரகம்தான்.

கேள்வி (தேவிபட்டினம்): ரேண்டம் ஆட்களுடன் ஆடும்போதும் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் இறங்கும் இடத்தைக் குறித்துக் காட்டுங்கள், விழுந்தால் எழுப்புங்கள், அதற்கு மேல் மனக்கசப்பு வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (ஏர்வாடி, கல்லூரி மாணவி): அண்ணா, நான் எதிரி நிற்கும் இடத்தைச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, பெண் குரல் கேட்டதும் கேலி ஆரம்பித்துவிடுகிறது. அதனால் மைக்கை அணைத்துவிட்டேன். இப்போது பேசாமல் ஆடுவதாக என்னைக் குறை சொல்கிறார்கள்.

பதில்: அணிக்குள் வந்த ஒரு தகவலைக் கேலி செய்து அடைத்தவர்கள்தான் இங்கே தங்கள் பொழுதுபோக்குக்காக அணியைத் தோற்கடிக்கிறார்கள், குற்றம் உங்கள் மேல் இல்லை. எதிரி எங்கே என்று நால்வரில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதும் யாருக்கும் தெரியாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்போதைக்கு மைக் இல்லாமலே எதிரி நிற்கும் இடத்தை மேப்பில் மார்க் செய்துவிடுங்கள். உடனடிச் செய்திப் பொத்தான்களும் இருக்கின்றன. அவற்றையும் பொருட்படுத்தாத அணியில் நீங்கள் நீடிக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. உங்களைப் போலவே நல்ல கூட்டாளி தேடும் ஆட்கள் இந்தக் கரையிலேயே நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி (மண்டபம், ஒரு தாய்): தம்பி, என் மகன் ராத்திரி விளையாடும்போது கூட விளையாடுகிற பிள்ளைகளைக் கண்டபடி திட்டுகிறான். தோற்றால் அவர்கள்தான் காரணமாம். இது எதில் போய் முடியும்?

பதில்: அக்கா, திட்டு வாங்கிய பையன் அடுத்த சுற்றில் தவறு செய்துவிடுவோமோ என்ற பயத்திலேயே ஆடுவான், எதிரியைக் கண்டாலும் சந்தேகம் தீரும்வரை வாய் திறக்க மாட்டான். ஆகவே உங்கள் மகன் திட்டத் திட்டத் தன் அணியைத் தானே பலவீனமாக்குகிறார். கெட்ட வார்த்தை பேசாதே என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். திட்டிய பிறகு அந்த மேட்ச் ஜெயித்ததா என்று ஒரு வாரம் அவரையே குறித்துவைக்கச் சொல்லிப் பாருங்கள். நேரத்துக்குத் தூங்க வைப்பது என் பதிலுக்கு அப்பாற்பட்டது. அதில் முழு அதிகாரமும் உங்களுக்குத்தான்.

கேள்வி (ராமேஸ்வரம்): நால்வரும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டுமா? தனியாகப் போவதெல்லாம் சுயநலமா?

பதில்: இல்லை. ஒருவர் தனியே சுற்றிப் போய் எதிரியின் பின்பக்கத்தை அடைவது தேர்ந்த அணிகள் திட்டமிட்டே செய்வது. மூவரும் விழுந்து ஒருவர் மட்டும் மிஞ்சிக் கிளட்ச் ஆடும்போது அவர் பேச்சைக் குறைத்து, தன் காதையும் கையையும் நம்பி ஆடுவதே முறை. அப்போது மற்றவர்கள் ஆளாளுக்கு யோசனை சொல்வதுதான் தொல்லை. போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னாரா, மற்றவர்கள் அதற்கேற்ப இடம் மாற அவகாசம் கிடைத்ததா, இந்த இரண்டையும் மட்டும் கேளுங்கள்.

கேள்வி (தொண்டி): தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எங்கள் ஆள் ஒருவர் வெளியேறிவிட்டு, நெட் போய்விட்டது என்கிறார்.

பதில்: நம் கரையில் அந்தச் சாக்குக்கு ஓரளவு மதிப்பு உண்டு, தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்போன் இலங்கை அலைவரிசையைப் பிடித்து ரோமிங் செய்தி அனுப்புகிற ஊர் இது. ஆனால் ஜெயிக்கும் மேட்சில் ஒருபோதும் அறுபடாத நெட், தோற்கும் மேட்சில் மட்டும் அறுபடுகிறதென்றால் பதிலாள் ஒருவரைத் தயார் செய்துவிடுங்கள்.

கேள்வி (பாம்பன்): எல்லாரும் சுயநலக்காரன் என்று சொல்லும் ஆள் நான்தான். உண்மையில் மூன்று பேரையும் நான்தான் தூக்கிச் சுமக்கிறேன். நான் ஒதுங்கினால் யார் கில் எடுப்பது?

பதில்: உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட கயிறிழுக்கும் சோதனைகளில், ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் தரும் விசை குறைந்தது; எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குப் பாதித் திறன்கூட வெளிப்படவில்லை. அணியில் ஒரு கெட்டிக்காரர் இருந்தால் மற்றவர்கள் அவர் தோளில் சாய்ந்துகொள்வது உண்டு, அதுவும் ஒரு சுயநலமே. ஆனால் நீங்கள் முந்தி ஓடுவதும் அந்தச் சாய்வை வளர்க்கிறது. கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள்: இரண்டு கயிற்றையும் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே சீராக இழுக்க வேண்டும், ஒரு பக்கம் பலசாலி என்று அவசரப்பட்டு இழுத்தால் வலை கோணிக்கொண்டு, மடிக்கு (வலையின் பை போன்ற பகுதிக்கு) வர வேண்டிய மீன் மறுபக்கமாக வெளியேறிவிடும்.

ஐவர் அணிகள் மோதும் டோட்டா 2 ஆட்டத்தில் ஓஜி அணியின் தலைவர் யோஹான் சுண்ட்ஸ்டைன், நோடெயில் என்ற பெயரில் அறியப்படுபவர், 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தி இன்டர்நேஷனல் என்ற அந்த ஆட்டத்தின் உலகப் போட்டிப் பட்டத்தை வென்றார். அதுவரை எந்த அணியும் அதை இரண்டு முறை வென்றதில்லை. அவர் ஆடியது ஐந்தாம் இடம்: அணியிலேயே மிகக் குறைந்த தங்கத்தில் (ஆட்டத்தின் காசில்) காலம் தள்ளி, வார்டு (எதிரி நடமாட்டத்தைக் காட்டும் கண்காணிப்புப் பொருள்) வைத்து, தோழர்களைக் காப்பாற்றச் சாகவும் வேண்டிய சப்போர்ட் வேலை. கடைசி அடி அடித்தவருக்கே தங்கம் போகும் ஆட்டத்தில், அந்த அடியைக் கேரி வீரருக்கு (தங்கம் சேர்த்து வலுவாகி அணியை ஜெயிக்க வைக்க வேண்டியவருக்கு) விட்டுக்கொடுத்து ஆடியவர் அவர். மின்விளையாட்டில் பரிசுப் பணம் அதிகம் வென்றவர்கள் பட்டியலில் அவர் பெயர் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது.

உங்களைச் சப்போர்ட் ஆடச் சொல்லவில்லை. நன்றாகச் சுடுபவர் சுட வேண்டும். அடுத்த பயிற்சி ஆட்டங்களில், சண்டையைத் தொடங்கும் முடிவை மட்டும் ஐஜிஎல் (ஆட்டத்தின்போது அணியை வழிநடத்துபவர்) கையில் விட்டுவிடுங்கள். அவர் சொன்ன பிறகு நீங்களே முதலில் நுழையுங்கள், பின்னால் வருபவருக்கு டிரேட் செய்யும் தூரம் எவ்வளவு என்று சொல்லிக்கொடுங்கள். கில் பட்டியலை எழுதும் நோட்டில், எத்தனை பேரை எழுப்பினீர்கள், உங்கள் மரணங்களில் எத்தனை டிரேட் ஆயின என்று இரண்டு கட்டங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஜிஎல் தவறாகச் சொல்லி நீங்கள் விழுந்தால் மேட்ச் நடக்கும்போது வாதாடாதீர்கள். முடிந்த பிறகு நால்வரும் உட்கார்ந்து வீடியோவைப் போட்டு, அவர் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள். இப்படி ஆடியும் மூவரும் பின்னாலேயே நின்றால் எனக்கு எழுதுங்கள். அடுத்து அவர்களிடம் பேசுகிறேன்.