பறவைகளைப் படமெடுப்பது மனத்தை ஏன் அமைதியாக்குகிறது?

காத்திருக்க வைப்பதால்தான் என்பது என் பதில். கல்யாண வீட்டில் 'இங்கே பாருங்கள்' என்று சொல்லலாம். நாரையிடம் சொல்ல முடியாது.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் நின்றால் நீர்க்கடம்பு மரங்கள் முழுக்கக் கூடுகள். நத்தைகுத்தி நாரையின் கண்ணில் ஃபோகஸ் வைத்து, அது சிறகு விரிக்கும் நொடிக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் வீட்டுக் கடனோ மேலாளரோ நினைவுக்கு வருவதில்லை. கவனம் முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. உற்றுப் பார்க்கும்போதுதான் அதன் அலகு முழுதாக மூடாமல் நடுவில் இடைவெளி இருப்பது தெரியும். நத்தையைப் பிடிக்க ஏற்ற அமைப்பு அது. பக்கத்திலேயே நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக் கொண்டிருக்கும். அதன் இறகு நனையும் வகை.

இங்கே ஊர்க்காரர்களுக்கும் பறவைகளுக்கும் பழைய உறவு. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. 1798-லேயே ஆங்கிலேய கலெக்டரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் திரை, திறந்திருக்கும் நேரம் 1/1000 நொடியைத் தாண்டக் கூடாது. அப்படியும் நூறு படத்தில் இரண்டு தேறினால் பெரிது. கேமரா இல்லையென்றால் பைனாகுலர் போதும், உண்மையில் அதுவே நிம்மதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வார நாளில், விடிகாலையில் போங்கள். மழை பொய்த்து ஏரி வற்றிய ஆண்டில் போகாதீர்கள்.