பயிற்சி கூடக்கூட கோல்ஃபில் சந்தோஷம் குறைகிறது. பொழுதுபோக்காக ஆடுபவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தினமும் வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பந்தடிக்கிறேன், ஸ்கோர் இறங்கவே மாட்டேன் என்கிறது, விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது, இல்லை தூரமாக அடிக்கும் ‘டிரைவர்’ மட்டை புதிதாக ஒன்று வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. இந்த ஆட்டத்தில் அடி குறையக்குறையத்தான் நல்லது, 18 குழியை 95 அடியில் முடித்தால் எனக்கு அன்று தீபாவளி. ஆனால் ஆட்டத்தை நாமே கெடுத்துக்கொள்வது எப்படி என்பதில் நல்ல அனுபவம் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

கோல்ஃப் கற்றுக்கொண்டது ஓமானில், வேலை பார்த்த பாலைவன முகாமில். அங்கே பேருக்குக்கூடப் புல் கிடையாது. ஆளுக்கு ஒரு துண்டு செயற்கைப் புல்விரிப்பைக் கையில் எடுத்துப் போவோம். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, பந்தை மேலே வைத்து அடிக்க வேண்டும். குழி இருக்கும் இடத்துக்குப் பெயர் ‘கிரீன்’ இல்லை, ‘பிரவுன்’. மணலில் எண்ணெய் கலந்து அமுக்கி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை விடியலில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்து, நேரே பரோட்டா தின்னப் போய்விடுவோம். பயிற்சி என்ற பேச்சே கிடையாது. நான் மிக மோசமாக ஆடிய காலம் அது. சிரித்துக்கொண்டே ஆடியதும் அப்போதுதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வெறி பிடித்தது. வீடு தக்கலைக்குப் பக்கத்தில். எங்கள் பக்கம் கோல்ஃப் மைதானம் இல்லை, போவதென்றால் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கும் 9 குழி மைதானம்தான். ஓமானில் கூட இருந்த நண்பன் அங்கே உறுப்பினர். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை என்னை விருந்தாளியாகக் கூட்டிப்போவான். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்ந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம். இவ்வளவு பாடுபட்டுப் போய்க் கேவலமாக ஆடக் கூடாது என்று, வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைக்கு நடுவே பழைய மீன் வலை ஒன்றைக் கட்டினேன். வலைக்கண்ணின் அளவைப் பார்க்கவில்லை. முதல் நாளே ஒரு பந்து வலைக்குள் புகுந்து, பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்தின் தகரக் கூரையில் இடி மாதிரி விழுந்தது. அந்த வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “தம்பி, உங்க கோழி எங்க தொழுத்துல முட்டை இட்டிருக்கு.”

அப்புறம் குளச்சலில் தெரிந்தவரிடம் சொல்லி நெத்திலி வலை வாங்கி, பின்னால் ஒரு பழைய கம்பளியும் தொங்கவிட்டேன். காலையில் நூறு பந்து, சாயங்காலம் ஐம்பது. மூன்று மாதம் ஒரு நாள் விடவில்லை. கட்டைவிரல் தோல் உரிந்து காய்த்துப்போனது. முழங்கைக்கு உட்பக்கம் ஒரு வலி வந்தது. கோல்ஃப் முழங்கை என்று அதற்குப் பெயரே இருக்கிறது என்றதும் எனக்குப் பெருமை வேறு!

மூன்று மாதம் கழித்து கவடியார் போனபோது முதல் அடி வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போனது. இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவது எல்லைக்கு வெளியே. “மூணு மாசமா என்னடா செய்தே?” என்றான் நண்பன். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். “வலைக்கு நேர் பந்து ஏது, வளைஞ்ச பந்து ஏது? எல்லாம் ஒண்ணுதானே!” உண்மைதான். வீட்டில் பத்தடி தூரத்தில் வலை நிறுத்திவிடுகிறது, பந்து அதற்கப்புறம் எங்கே திரும்பியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கிளப்பின், அதாவது மட்டையின், முகத்தைத் திறந்து வைத்து வெட்டி அடிக்கிற தப்பைத்தான் பல்லாயிரம் பந்தில் உருப்போட்டிருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மிச்சக் குழிகளில் ஆடவே இல்லை, ரிப்பேர் வேலை பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மணிக்கட்டு, இடுப்பு, இடது முழங்கை என்று மனத்துக்குள் ஒரு பட்டியல். ஒன்பது குழிக்கு 61. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “காசும் குடுத்து ரெண்டு மணி நேரம் வண்டியும் ஓட்டிப் போய் மொகத்தைத் தூக்கி வச்சிட்டு வர்றதுக்கு, இஞ்ச இருந்து தேங்காய் உரிச்சிருக்கலாமே?” உரிக்காத தேங்காய் நூறு கிடந்தது நிஜம்.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவரோடு இருந்தவர்களும் வயலின் மாணவர்களைப் பார்த்து, பயிற்சியைப் பற்றி 1993-ல் எழுதிய ஆய்வு பிரபலமானது. எல்லோரும் அதில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்ற கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறோர் இடம்: குறையைத் தேடித் திருத்தும் பயிற்சி இயல்பிலேயே சந்தோஷம் தருவது இல்லை என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் உங்கள் காலை ஒரு மணி நேரம் கசப்பதில் தப்பே இல்லை. அந்தக் கசப்பை மைதானத்துக்கும் கட்டிக்கொண்டு போவதில்தான் வினை. நான் இப்போது மைதானத்தில் எதையும் திருத்துவதில்லை. பந்து அன்றைக்கு வலது பக்கம் போகிறதா, சரி, இடது பக்கம் பார்த்து நின்றுகொள்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியையும் குறைத்தேன். எங்கள் விளையில் ரப்பர் பால் வெட்ட வரும் அண்ணன் ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, “ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நான் ஒரு மரத்துல கத்தி வைப்பேன். தெனமும் வெட்டினா மரம் பாலை நிப்பாட்டிரும்” என்றார். அவர் மரத்தைப் பற்றித்தான் பேசினார், ஆனாலும் என் முழங்கைக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், நாற்பது பந்து. ஒரே கிளப்பில் நாற்பதும் அடிப்பதில்லை, பந்துக்குப் பந்து மாற்றுகிறேன். மைதானத்தில் யாரும் ஏழாம் நம்பர் அயர்ன் என்ற ஒரே கிளப்பில் தொடர்ந்து இருபது அடி அடிக்க விடப்போவதில்லையே. கிளப் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தடவிக்கொண்டால் பந்து பட்ட இடம் தெளிவாகத் தெரியும். வலை மறைப்பதைப் பவுடர் ஓரளவு சொல்லிவிடும். எங்கள் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம் என்பதால் வலையை அவிழ்த்து மடித்து வைக்கிற நாட்களும் நிறைய. சென்ற ஆனி மழையில் மூன்று வாரம் கிளப்பையே தொடவில்லை. அதற்கப்புறம் ஆடியதுதான் அந்த வருடத்தின் நல்ல ஆட்டம்.

ஸ்கோர் இறங்கவில்லை என்கிறீர்கள். இதில் ஹேண்டிகேப், அதாவது ஓர் ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண், எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2020-ல் உலகம் முழுக்க ஒரே முறையாக வந்த கணக்கில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். பாக்கி 12 ஆட்டம் சேர்வதே இல்லை. அதாவது உங்கள் ஹேண்டிகேப் நீங்கள் நன்றாக ஆடும் நாளின் அளவு. பெரும்பாலான நாட்களில் அதைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள், அது கணக்குக்குத் தெரிந்தே இருக்கிறது. எனக்கு அதிகாரப்பூர்வ ஹேண்டிகேப் இல்லை, ஆனால் டைரியில் இதே மாதிரி எழுதி வருகிறேன். அதில் அந்த 61-ஐக் கோடு போட்டு நீக்கியபோது கிடைத்த நிம்மதி இருக்கிறதே! அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தட்டும் ‘பட்’ அடியில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடுகிறார்கள். வேலை வெட்டி எல்லாம் பார்த்துவிட்டுப் போய் நிற்கிற நாம் எட்டடியில் தவறவிட்டுத் தலையில் கைவைப்பது கொஞ்சம் அதிகம்.

இன்னொன்று, நண்பர்களோடு ஆடும்போது ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் எண்ணிப் பாருங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற டாக்டர் இங்கிலாந்தில் உருவாக்கியது, 1932-ல் புழக்கத்துக்கு வந்தது. ஹேண்டிகேப் சலுகை போக, ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வைத்திருக்கும் ‘பார்’ கணக்கில் முடித்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, அதற்கு மேல் எத்தனை கூடினாலும் பூஜ்யம். இனி எத்தனை அடித்தாலும் அதே பூஜ்யம்தான் என்றால் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். எங்கள் ஆட்டத்தில் சண்டை குறைந்ததே இதற்கப்புறம்தான்.

பட்டிங்குக்குத் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. முற்றத்தில் ஒரு சிரட்டையை விளிம்பு வரை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், இந்தச் சிரட்டை அதைவிட ஒரு விரல் சின்னது. சாயங்காலம் மகளும் நானும் ஆளுக்குப் பத்துப் பந்து. அவளுக்குப் பதினொரு வயது, மணிக்கட்டு, இடுப்பு எதுவும் தெரியாது, பார்க்கிறாள், தட்டுகிறாள். “அப்பா, இப்ப தோத்தா நீங்கதான் மீன் கழுவணும்.” வாரத்தில் நான்கு நாள் நான்தான் கழுவுகிறேன்.

அப்புறம் அந்த டிரைவர். நானும் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டு எத்தனை தடவை கவடியார் போய்வரலாம் என்று வகுத்துப் பார்த்தேன், ஒன்றரை வருடத்துக்கு வருகிறது. வாங்கவில்லை. வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. சொன்னால் பெட்ரோல் காசுக்கு வேறு வேலை வந்துவிடும்.