குருவி அப்பன் பாட்டைப் பாடுது, குரங்கு ஏன் பாடல?

கேள்வி: எங்க வீட்டு கூண்டுல ஜீப்ரா ஃபின்ச் குருவி ஜோடி இருக்கு, ரெண்டு மாசக் குஞ்சு ஒண்ணு இப்போ அப்பன் மாதிரியே கத்திப் பழகுது. மொட்டை மாடிக்கு வர்ற குரங்கு டப்பா மூடியவே திருகி வடாம் எடுக்குது, அவ்ளோ மூளை இருந்தும் அது ஒரு புது சத்தம் கத்துக்காதா?
- ஒரு வாசகி, பழனி

பதில்: அநேகமா கத்துக்காதும்மா. உங்க குஞ்சு ஆம்பளைன்னு இப்பவே எழுதி வெச்சுக்கோங்க, இந்த ஜாதியில பொண்ணு பாடாது. பொறந்து 25 நாள் வாக்குல அப்பன் பாட்டைக் கேட்டு மனசுல ஏத்திக்க ஆரம்பிக்கும், அப்புறம் கொழந்தை மழலை பேசற மாதிரி கன்னாபின்னான்னு கத்தி, தன் சத்தத்தைத் தானே கேட்டு திருத்தித் திருத்தி 90 நாள்ல பாட்டு செட் ஆயிடும், பிறகு சாகற வரைக்கும் அதே ஒரு பாட்டுதான். குஞ்சைப் பிரிச்சு வேற ஜாதியான பெங்கலீஸ் ஃபின்ச்கிட்ட வளரவிட்டா வளர்ப்பு அப்பன் பாட்டைப் பாடும். பெத்தவன் கணக்குல வரமாட்டான்.

இதையே குரங்குலயும் செஞ்சு பாத்தாங்க, அமெரிக்காவுல. வட இந்தியாவுல சுத்தற ரீசஸ் குரங்கு குட்டியை ஜப்பான் குரங்குத் தாய்கிட்டயும் அங்கேந்து இங்கயும் மாத்தி விட்டா, ரெண்டும் பெரும்பாலும் அதது தன் இனத்துக் குரல்லதான் கூவிச்சு, ஆனா வளர்த்த தாயோட சத்தம் மட்டும் நல்லா புரிஞ்சுது. காதுக்கு ஏறின பாடம் வாய்க்கு ஏறல, அவ்ளோதான் (நம்மள்லயும் இப்படி சிலர் உண்டு).

தொண்டைக் கோளாறுன்னு ரொம்ப நாள் நெனச்சாங்க. 2016ல ஃபிட்ச்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் நீளவால் குரங்கோட வாய், தொண்டையை எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பாத்தா, பேசறதுக்கு அந்தத் தொண்டையே தாராளமா போதுமாம், குறை மூளைப் பக்கம்தான். மொத்த எடையே 12 கிராம் இருக்கற குருவியோட மூளையில பாட்டுக்குன்னே தனி வயரிங் ஓடுது! அதனாலதான் நமக்குப் பேச்சுல முக்கியமான ஃபாக்ஸ்பி2 மரபணுவை, பங்காளி குரங்கை விட்டுட்டு, 30 கோடி வருஷம் முன்னாடியே பிரிஞ்சு போன ஃபின்ச்லயே ஆராய்ஞ்சாங்க. 2007ல அதை குஞ்சுகள்ல கொறைச்சு விட்டப்போ பாட்டைக் காப்பியடிக்கறதுல தடுமாறிச்சு.

குரங்குல மார்மோசெட் மட்டும் கொஞ்சம் ஆறுதல், அப்பா அம்மா பதில் குரல் கொடுத்தா குட்டிக்கு சீக்கிரமா பெரியவங்க சத்தம் வந்துடுது.

இன்னும் ஒரு மாசத்துக்கு அப்பனை வேற கூண்டுக்கு மாத்தாதீங்க. வடாமுக்கு வலை போடுங்க.