பழைய ரிப்பன் மைக்கில் கை வைக்கலாமா? கேள்வி பதில்

பழைய ரிப்பன் மைக் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் அதைத் திறந்து ஏதாவது மாற்றத் தோன்றும். காந்தத்தின் இடுக்கில் தொங்கும் மெல்லிய அலுமினியத் தாள்தான் ரிப்பன், ஒலிபட்டு அது அசையும்போது பிறக்கும் சின்ன வோல்டேஜை ட்ரான்ஸ்ஃபார்மர் கூட்டித் தருகிறது. ட்ரான்ஸ்ஃபார்மர், ரிப்பன், உள்வலை, காந்தம் என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பழுதுபார்ப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு. பழுதைச் சரிசெய்துவிட்டு மைக்கை ஒருமுறை அதன் இயல்பான குரலில் கேளுங்கள், அப்புறம் மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். என் பதில்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

கேள்வி: அண்ணா, ஆர்சிஏ 77-டிஎக்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. சத்தம் குறைவு, கீழ்ஸ்வரமே இல்லாமல் ஒல்லியாகக் கேட்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மரை மாற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் தம்பி, முதலில் மூன்று இடத்தைப் பாருங்கள். மைக்கின் அடிப்பகுதியில் திருப்புளியால் திருப்பும் சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு. எம் என்பது இசைக்கு, வி1, வி2 இரண்டும் பேச்சுக்கு. பேச்சு நிலையில் வேண்டுமென்றே கீழ்ஸ்வரத்தை வெட்டியிருப்பார்கள். ஒல்லியாகக் கேட்பதற்கு அது மட்டுமே காரணமாக இருக்கலாம். அடுத்து, எந்தத் திசையின் ஒலியை வாங்க வேண்டும் என்று மாற்றும் திருகு பின்பக்கம் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். அது பாதியில் நின்றாலும் குரல் மாறும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த மைக்கின் ட்ரான்ஸ்ஃபார்மரில் 30, 150, 250 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) என்று மூன்று இணைப்புகள் உண்டு. பழைய ஒலிபரப்புக் கருவிகளுக்கு ஏற்றபடி 30-இல் கட்டிவைத்த மைக்கை இன்றைய ப்ரீஆம்பில், அதாவது மைக்கின் சத்தத்தைக் கூட்டும் முதல் கருவியில், சொருகினால் சத்தம் குறைவாகத்தான் வரும். 250-க்கு மாற்றிப் பற்றவைத்தால் வோல்டேஜ் கிட்டத்தட்ட 2.9 மடங்காகும், அதாவது 9 டெசிபெல் கூடும். எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். தொழிற்சாலையே கொடுத்த வழி இது, நாளைக்கே திருப்பியும் மாற்றலாம். இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: ஃபாண்டம் பவர் போட்டால் ரிப்பன் போய்விடும் என்கிறார்கள். அதற்காக உள்ளே ஏதாவது பாதுகாப்புச் சேர்க்க வேண்டுமா?

கேபிள் சரியாக இருந்தால் பெரும்பாலான மைக்குகளில் ஒன்றும் ஆகாது. ஃபாண்டம் என்பது ப்ரீஆம்ப் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட், அது இரண்டு கம்பியிலும் சமமாக வருகிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ் என்றால் அதன் வழியே மின்னோட்டம் பாயாது. கேபிளில் ஒரு கம்பி தரையோடு ஒட்டினால்தான் வம்பு. பேட்ச் பேயில் (ஸ்டுடியோ இணைப்புகளை மாற்றும் பலகையில்) பிளக்கைச் சொருகும்போதும் அந்த ஒரு நொடியில் இதேதான் நடக்கிறது. அப்போது மறுகம்பியில் இருக்கும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சுமார் 7 மில்லி ஆம்பியர் சுற்றுக்குள் பாயும். ட்ரான்ஸ்ஃபார்மர் விகிதம் 1:30 என்றால் ரிப்பன் பக்கம் அது 0.2 ஆம்பியர் அளவுக்கு ஓர் உதையாக வரலாம். இரண்டு மைக்ரான் தாளுக்கு அது பெரிய உதை, இழுத்து நீட்டிவிடும்.

பழைய மைக் சிலவற்றில் ட்ரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையைத் தரையோடு சேர்த்திருப்பார்கள். அவற்றில் கேபிள் நன்றாக இருந்தாலும் ஃபாண்டம் ஆகாது. நடுமுனை இணைப்பைக் கழற்றிக் காப்பிட்டு ஒதுக்கிவைப்பது நான் தயங்காமல் பரிந்துரைக்கும் மாற்றம். மற்றபடி உள்ளே ஒன்றும் சேர்க்க வேண்டாம். மைக்கைச் சொருகிய பிறகு எதையும் ஆன் செய்யுங்கள், கேபிள்களைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ரிப்பன் நன்றாக இருக்கிறதா, தொய்ந்துவிட்டதா என்று திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முன்னும் பின்னும் ஒரேபோல ஒலி வாங்கும் எட்டு வடிவ மைக் என்றால் முன்னால் நின்று ஒரு வரி பேசுங்கள், அதே தூரத்தில் பின்னால் நின்று அதே வரியைப் பேசுங்கள். பல வடிவமைப்புகளில் இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், குரலின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ரிப்பன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது ஒரு பக்கத்துத் துணியில் அழுக்கு அடைத்திருக்கலாம். அடுத்து, மைக்கை மெதுவாகப் படுக்கவைத்துக் கேளுங்கள். நிமிர்ந்திருக்கும்போது ஒரு குரல், படுத்தால் வேறு குரல் என்றால் தொய்வு உறுதி. கீழ்ஸ்வரத்தில் சரசரவென்று உரசல் கேட்டால் ரிப்பன் காந்த முகத்தைத் தொடுகிறது, அல்லது இடுக்கில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறது.

ஊதிப் பார்க்கக் கூடாது. ஓம் மீட்டரை நேரே ரிப்பன் மீது வைக்கவும் கூடாது.

கேள்வி: உச்சஸ்தாயி மங்கலாக இருக்கிறது. கிரில்லுக்குள் இருக்கும் பட்டுத் துணியையும் உள்வலையையும் எடுத்துவிட்டால் தெளிவாகும் என்று படித்தேன்.

கொஞ்சம் தெளியும், பொய்யில்லை. ஆனால் அந்தத் துணிதான் ப, பா என்று வெடிக்கும் காற்றையும் இரும்புத் தூசியையும் தடுத்து நிறுத்துகிறது. எடுத்துவிட்டால் காந்தம் ஊரில் உள்ள தூசியையெல்லாம் இழுத்து ரிப்பன் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த இடுக்கின் ஓரத்தில் மீசை போலக் கறுப்புத் துகள்கள் நிற்பது தெரியும். ஒருமுறை சேர்ந்ததை எடுப்பது பெரும்பாடு.

மேலும், ரிப்பன் மைக் ஈக்வலைசரை நன்றாகத் தாங்கும். 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து மேலே மூன்று நான்கு டெசிபெல் ஏற்றிப் பாருங்கள், கூர்மை இல்லாமல் திறக்கும். ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பையும் பாருங்கள். மைக்கின் மின்மறுப்பைப் போலக் குறைந்தது 5 மடங்கு, முடிந்தால் 10 மடங்கு வேண்டும். குறைந்தால் குரல் மாறிவிடும், பழி மைக் மேல் விழும். துணி அழுக்கேறியிருந்தால் அதே ரகத் துணியாகப் புதிது போடுங்கள். அது பழுதுபார்ப்பு.

கேள்வி: ரிப்பனை மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. மெல்லிய தாள் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே?

ஆர்சிஏ 44-பிஎக்ஸ் மைக்கில் இருந்த தாள் ஏறக்குறைய 2.5 மைக்ரான். கோல்ஸ் 4038 மைக்கில் 0.6 மைக்ரான். இரண்டுமே அருமையான மைக்குகள், ஆனால் ஒன்றின் தாளை மற்றதில் போட்டால் பலிக்காது. மெல்லிய தாளுக்கு எடை குறைவு, சரி. மின்தடை கூடுகிறதே! பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் அந்தத் தடிமனுக்கும் நீளத்துக்கும் ஏற்பச் சுற்றப்பட்டது, பொருத்தம் கெட்டுவிடும். 1.8 மைக்ரான் வரை இறங்குவது பலர் செய்வதுதான், பெரிதாகக் கெடாது. தடிமனைவிட இழுவிசையும் நெளிவும்தான் குரலைத் தீர்மானிக்கின்றன. அதனால் உங்கள் மாடலில் கை பழகியவரிடமே கொடுங்கள். பழைய ரிப்பன் கிழிந்திருந்தாலும் திருப்பித் தரச் சொல்லுங்கள். அகலத்தையும் நெளிவுகளின் இடைவெளியையும் அதிலிருந்துதான் அளக்க முடியும்.

கேள்வி: உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு வைத்து ஆக்டிவ் மைக்காக மாற்றிவிடலாமா?

அதே வேலையை வெளியில் சொருகும் பூஸ்டர் செய்கிறது. ஃபாண்டம் பவரில் ஓடும், இருபது டெசிபெலுக்கு மேல் கூட்டும், ஃபாண்டத்தை மைக் பக்கம் விடாது. உடலில் துளை போட வேண்டாம். போர்டு வைப்பதில் கூடுதல் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: காந்தம் பலவீனமாகிவிட்டதாம். நியோடிமியம் போடலாமா?

போட்டால் சத்தம் கூடும். ஆனால் அந்த மைக்கின் காந்த முகங்களின் வடிவமும் இடைவெளியும் அதில் இருக்கும் பழைய ரகக் காந்தமான அல்நிகோவுக்கு ஏற்ப அமைத்தவை. காந்தம் வலுத்தால் ரிப்பன் அடங்கும் விதமும் மாறும். கடைசியில் கையில் இருப்பது பழைய கூட்டுக்குள் ஒரு புது மைக். பலவீனமான அல்நிகோவை மறுபடி காந்தமேற்ற முடியும், அதற்கான கருவி வைத்திருப்பவர்கள் உண்டு. நீங்களாகக் காந்தத்தைக் கழற்றிப் பார்க்காதீர்கள். காந்தச் சுற்று திறந்தாலே அல்நிகோ வலுவிழக்கும், திரும்ப மாட்டினாலும் பழைய பலம் வராது.

கேள்வி: நான் வாங்கிய ரெஸ்லோ மைக்கை யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் புதிது, உள்ளே இருக்க வேண்டிய பஞ்சு அட்டை இல்லை. பழையபடி ஆக்க வேண்டுமா?

கேட்க நன்றாக இருக்கிறதா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள். ரெஸ்லோ பல மின்மறுப்புகளில் வந்தது. குறைந்த ஓம் ரகத்துக்கு நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் போடுவது உண்மையிலேயே பயன் தரும் மாற்றம். அந்த அட்டையும் குரலைத் திருத்தத்தான் வைக்கப்பட்டது, வேண்டுமென்றால் அதேபோல் வெட்டி வைத்துக் கேட்டுப் பாருங்கள். இதே மாற்றத்தை ஆர்சிஏ 44-இல் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். அதன் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரே அந்தக் குரலில் பாதி.

கேள்வி: பெயின்ட் உரிந்திருக்கிறது. புதிதாக அடிக்கலாமா?

கூடாது. விற்கும்போது மதிப்பு குறையும், சுரண்டும் தூசி உள்ளே போகும். கெட்டியாகிப்போன ரப்பரை மட்டும் மாற்றுங்கள், அதற்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு இந்த வேலையை நானே கற்றுக்கொள்ள ஆசை. எதில் தொடங்கலாம்?

நல்ல ஆசை. இப்போது தயாராகும் மலிவான ரிப்பன் மைக் ஒன்றை எடுங்கள். அவற்றில் பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃபார்மர்தான் பலவீனம், மாற்றினால் வித்தியாசம் தெளிவாகக் கேட்கும். கெட்டுப்போனாலும் வேறொன்று கிடைக்கும். மேசையில் இரும்புத் துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இடுக்கியும் திருப்புளியும் காந்தத்தில் ஒட்டாத உலோகமாக இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், ஒரு மூச்சுக்கே தாள் பறந்துவிடும். தொடக்கத்தில் தாள்கள் கிழியத்தான் செய்யும், அதனால் தேவைக்கு மேல் நாலைந்து துண்டு வெட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.