"உனக்குத்தான்டி இது நல்லா புரியும், நீ சொல்லேன்"

கேள்வி: நாங்க ஏழு பேர், காலேஜ்ல இருந்தே ஃப்ரெண்ட்ஸ், மாசம் ஒரு நாவல் படிச்சுட்டு யாராவது ஒருத்தி வீட்ல உட்கார்ந்து பேசுவோம். இந்த வருஷம் கறுப்பின எழுத்தாளர்களோட புது நாவல்களா படிக்கலாம்னு முடிவு பண்ணி முதல்ல பிரிட் பென்னட்டோட 'தி வேனிஷிங் ஹாஃப்' எடுத்தோம். பேச்சு நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, நிறவெறி, அப்புறம் நம்மூர் சாதின்னு வந்தப்போ ஒருத்தி சட்டுனு இன்னொரு ஃப்ரெண்ட் பக்கம் திரும்பி "இதெல்லாம் உனக்குத்தான்டி நல்லா புரியும், நீ சொல்லேன்"னுட்டா. அவ தலித்னு எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனா அவளா எங்ககிட்ட அதைப் பத்திப் பேசினதே இல்ல. லேசா சிரிச்சு "நான் இன்னும் முழுசா முடிக்கலப்பா"ன்னு சொல்லிட்டு டீ எடுக்க உள்ள போயிட்டா. எங்கள்லயே முதல்ல முடிச்சவ அவதான், முடிச்ச அன்னிக்கே எனக்கு மெசேஜ் போட்டிருந்தா. அதுக்கப்புறம் கூட்டத்துக்கு வர்றதில்ல, கேட்டா வேலைங்கறா. அப்படிக் கேட்டவளோ "நல்ல எண்ணத்துலதானே கேட்டேன், இதுல என்ன தப்பு"ங்கறா. எல்லாரும் சேர்ந்து மன்னிப்பு கேட்கலாமா? இல்ல இந்த மாதிரி நாவலே வேணாம்னு விட்டுடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: முடிக்கலன்னு அவங்க சொன்னது பொய்னு அந்த ரூம்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியும், மெசேஜ் உங்க ஃபோன்லதானே இருக்கு. அப்போ நீங்க வாயைத் திறக்கல. கேட்டவங்க என்ன கேட்டாங்க, அப்புறம் என்ன சொன்னாங்கன்னு எல்லாம் எழுதியிருக்கீங்க, நீங்க என்ன பண்ணீங்கன்னு ஒரு வரி கூட இல்ல, அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

பெர்சிவல் எவரெட்டோட 'ஜேம்ஸ்' படிச்சீங்களா? 2024ல வந்தது, அந்த வருஷமே நேஷனல் புக் அவார்டு, 2025ல புலிட்சர். மார்க் ட்வெய்னோட ஹக்கிள்பெரி ஃபின் கதையை, அதுல வர்ற அடிமை ஜிம் தன் வாயாலயே சொல்ற மாதிரி எழுதியிருப்பார். ஆரம்பத்துல ஒரு சீன் வரும், ஜேம்ஸ் (அந்த ஜிம்தான்) அடிமைக் குழந்தைகளை உட்கார வச்சு வெள்ளைக்காரங்க முன்னாடி எப்படிப் பேசணும்னு பாடம் எடுப்பார். தங்களுக்குள்ள எல்லாரும் சுத்தமா இலக்கணத்தோட பேசறவங்கதான், வெள்ளைக்காரங்களுக்காகத்தான் அந்தக் கொச்சை. ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டு அடுப்படி தீப்பிடிச்சு எரியுது, அந்தம்மா வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க, எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்பார். தீ தீன்னு கத்துவேன்னு ஒரு குழந்தை சொன்னா அது கிட்டத்தட்ட சரி, அவ்வளவுதான். அய்யோ அம்மா, அங்க பாருங்கன்னு சொன்னாத்தான் ஃபுல் மார்க், ஏன்னா ஆபத்து என்னன்னு வாயால சொல்ற உரிமை வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான், நாம முந்திக்கக் கூடாது. படிக்கும்போது சிரிப்பு வரும், அடுத்த பக்கம் திருப்பறப்ப அந்தச் சிரிப்பு தொண்டையில நிக்கும்.

உங்க தோழி சொன்ன "முடிக்கலப்பா"வும் அந்த வகைதான். என்ன எரியுதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும், சொன்னா ஆறு பேர் முகமும் எப்படிப் போகும், யார் முதல்ல கண் கலங்குவாங்க, யார் "ஆனா இப்பல்லாம் அப்படி இல்லையே"ம்பாங்க, எல்லாமே தெரிஞ்சிருக்கும். அந்த மத்தியானம் யாருக்கும் கெட்டுப் போக வேணாம்னு தான் படிக்காதவ மாதிரி நின்னுட்டாங்க. ஏழு பேர்ல முதல்ல படிச்சு முடிச்சவங்க. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தமா இருக்கு, சாதியைப் பத்தி அவங்க பேசாததுல எனக்கொண்ணும் இல்ல, ஆனா அந்த நாவலைப் பத்தி சொல்ல அவங்ககிட்ட என்னவோ இருந்திருக்கும்ல, அதுல வர்ற ஸ்டெல்லாவை அவங்களுக்குப் பிடிச்சுதா, முடிவு சொதப்பல்னு தோணுச்சா, எதையுமே நீங்க கேட்கல.

"நல்ல எண்ணம்" பார்ட்டிக்கு ஒரு படம் சிபாரிசு பண்ணுங்க, 'அமெரிக்கன் ஃபிக்ஷன்', 2023. இதே எவரெட் 2001ல எழுதின 'இரேஷர்' நாவல்லேர்ந்து எடுத்தது. ஒரு கறுப்பின எழுத்தாளர், அவர் எழுதறது போதுமான அளவு "கறுப்பா" இல்லன்னு பப்ளிஷருங்க திருப்பி அனுப்பறாங்க, கடுப்பாகி வேற பேர்ல கிண்டலுக்கு ஒரு சேரி, துப்பாக்கி, அழுகை நாவல் எழுதி அனுப்பினா அது பிச்சுக்கிட்டு போகுது. கடைசியில ஒரு பரிசுக் கமிட்டில அவரே ஜட்ஜா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் புக்கே வந்து நிக்கும். அஞ்சு ஜட்ஜுல ரெண்டு பேர் கறுப்பினத்தவங்க, ரெண்டு பேருமே வேணாங்கறாங்க, மீதி மூணு வெள்ளைக்காரங்க சேர்ந்து அவங்களைத் தோற்கடிச்சுட்டு, இந்த நேரத்துல நாம கறுப்பினக் குரல்களைக் காது கொடுத்துக் கேட்கணும்னு சொல்லுவாங்க, அந்த ரெண்டு பேரும் எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க! அந்த மூணு பேர் எண்ணமும் ரொம்ப நல்ல எண்ணம்தான்.

சரி, சாதியையும் நிறவெறியையும் சேர்த்துப் பேசினதே தப்பான்னா, இல்லவே இல்ல. 1946லயே அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு கடிதம் எழுதியிருக்கார், 1972ல பம்பாய்ல தலித் பேந்தர்ஸ் இயக்கத்தை ஆரம்பிச்சவங்க பேரையே அமெரிக்கக் கறுப்பின இயக்கமான பிளாக் பேந்தர்ஸ்கிட்டேர்ந்துதான் எடுத்தாங்க. அந்த ஒப்பீட்டைச் செஞ்சவங்க தங்களுக்குத் தேவைப்பட்டதுனால செஞ்சாங்க. உங்க கூட்டத்துல நடந்தது வேற, ஒப்பிட்டது நீங்க, சாட்சி சொல்ல வேண்டியது அவங்க.

அதுவும் எந்த நாவலை வச்சு! மல்லார்ட்னு லூசியானாவுல ஒரு கற்பனை ஊர், கறுப்பினத்தவங்கதான், ஆனா தலைமுறை தலைமுறையா வெளுத்தவங்களாப் பார்த்துக் கல்யாணம் பண்ணி கலரைக் கூட்டிக்கிட்டே வந்தவங்க. 1968ல அந்த ஊர்ப் பொண்ணு டெசிரே, ஸ்டெல்லாவோட இரட்டைச் சகோதரி, தன்னோட கருகருன்னு இருக்கற பொண்ணைக் கையில பிடிச்சுட்டுத் திரும்பி வர்றப்போ ஊரே வேடிக்கை பாக்குது. கோயம்புத்தூர்ல உட்கார்ந்து இதைப் படிக்கற ஆறு பேருக்கு சொந்தமா சொல்ல ஒண்ணுமே இல்லையா? மாப்பிள்ளை வீட்ல பொண்ணு கலரா இருக்கான்னு கேட்டது, மேட்ரிமோனில உங்க அப்பா எந்த கட்டத்தை டிக் பண்ணினார்ங்கறது, வேலை செய்ய வர்ற அக்காவுக்கு தனி டம்ளர் எந்த வருஷம் வரைக்கும் இருந்துச்சுங்கறது? இதெல்லாம் உங்க கதை, உங்க தோழிகிட்டேர்ந்து வரவேண்டியது இல்ல. அந்த நாவல்லயே ஸ்டெல்லா தான் கறுப்பினம்ங்கறதை மறைச்சு வெள்ளைக்காரியா லாஸ் ஏஞ்சல்ஸ்ல வாழறா, எதிர் வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவரப் போகுதுன்னதும் காலனி மீட்டிங்ல எழுந்து விடவே கூடாதுன்னு பேசறா. ஏன், எதைக் காப்பாத்திக்க அப்படிப் பேசறான்னு ஒரு மணி நேரம் பேசலாம், ஆறு பேரும் பேசலாம். (உங்க தோழி ஸ்டெல்லா மாதிரி ஒளிஞ்சிருந்தாங்கன்னு நான் சொல்லல, உங்களுக்குத்தான் தெரியுமே. அதைப் பேசறதா வேணாமாங்கறது அவங்க விருப்பமா இருந்துச்சு, ஒரே கேள்வியில அதைப் பிடுங்கிட்டாங்க, அவ்வளவுதான்.)

மன்னிப்பு விஷயம். ஆறு பேரும் கேக் வாங்கிட்டு அவங்க வீட்டுக்குப் போய் நிக்கறது, குரூப்ல நீளமா ஒரு மெசேஜ் போட்டு கீழ எல்லாரும் ஹார்ட் போடறது, இதெல்லாம் தயவுசெஞ்சு வேணாம், அப்புறம் உங்களையெல்லாம் சமாதானப்படுத்தற வேலையும் அவங்க தலையில விழும். நீங்க மட்டும் கூப்பிடுங்க. அன்னிக்கு அவ அப்படிக் கேட்டப்போ நான் சும்மா இருந்துட்டேன், இருந்திருக்கக் கூடாது, சாரிடி, இவ்வளவு போதும். அதோட "அடுத்த மாசம் வர்றியா"வை ஒட்டாதீங்க. "உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு, சொல்லு"ன்னும் கேட்காதீங்க, அது பழைய கேள்வியேதான். பரவால்லடின்னு பேச்சை மாத்தினாங்கன்னா நீங்களும் மாத்திடுங்க. வராமலேயும் இருக்கலாம், அப்படி இருந்தா அது உங்க மேல கோவம்னு மட்டும் அர்த்தமில்ல, நிஜமாவே வேற வேலை இருக்கலாம், இல்ல வேற யார்கூடவாவது நிம்மதியா படிச்சுட்டு இருக்கலாம். கேட்டவங்ககிட்ட பேச வேண்டியதும் நீங்கதான், அவங்களுக்குப் புரிய வைக்கற பொறுப்பு பாதிக்கப்பட்டவங்களோடது இல்ல. சண்டையா முடிஞ்சாலும் முடியட்டும்.

நாவலை எதுக்கு விடணும்? பேசற விதத்தை மாத்துங்க. கால்சன் வைட்ஹெட்டோட 'தி நிக்கல் பாய்ஸ்' 2019ல வந்தது. ஃபுளோரிடாவுல மரியானாங்கற ஊர்ல டோசியர்னு பையன்களுக்கான சீர்திருத்தப் பள்ளி 1900லேர்ந்து 2011 வரைக்கும் நடந்துச்சு, அப்புறம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டினப்போ அடையாளமே இல்லாத குழிகள் ஐம்பதுக்கு மேல கிடைச்சுது. அதை வச்சு எழுதின நாவல். எந்தக் கூட்டத்துல பேசினாலும் முதல் அரை மணி நேரம் "பாவம்ல", "என்னால படிக்கவே முடியல" ரெண்டும்தான் ஓடும். பாவப்படறது தப்பில்ல, ஆனா அதோட பேச்சு முடிஞ்சுடும். நடு ராத்திரி பையன்களைக் கூட்டிட்டுப் போய் வரிசையா உட்கார வச்சு ஒவ்வொருத்தனா உள்ள அழைச்சு அடிப்பாங்க, சத்தம் வெளிய கேட்காம இருக்க பெரிய ஃபேன் ஒண்ணு ஓடிட்டே இருக்கும், எல்வுட்ங்கற பையன் தன் முறைக்குக் காத்துட்டு, உள்ள விழற அடியை எண்ணி யாருக்கு எத்தனைங்கறதுக்கு ஏதாவது கணக்கு இருக்கான்னு கண்டுபிடிக்கப் பாக்கறான். நல்லாப் படிக்கற பையன், நியாயம்னு ஒண்ணு இருக்குன்னு நம்பறவன், அங்கேயும் ரூல் தேடறான். வைட்ஹெட் அடியை விட அந்த எண்ணிக்கையை ஏன் இவ்வளவு நேரம் எழுதறார்னு கேட்டுப் பாருங்க, பேச்சு தானா வேற இடத்துக்குப் போகும், அந்தக் கேள்விக்கு எந்த சாதியும் ஸ்பெஷலா பதில் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்த மாசத்துக்கு வேணா பெர்னார்டின் எவரிஸ்டோவோட 'கேர்ள், வுமன், அதர்' எடுங்க, 2019 புக்கர், பிரிட்டன்ல நடக்கறது. பன்னிரண்டு பேர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், அம்மாவும் பொண்ணும் ஒத்துக்கறதில்ல, பெண்ணியவாதிங்க ஒருத்தரையொருத்தர் கலாய்ச்சுக்கறாங்க, முற்றுப்புள்ளியே அபூர்வம். ஒரு ஆளைக் காட்டி "இவங்க எல்லாம் இப்படித்தான்"னு சொல்ல அந்தப் புக்கு விடாது. பாமாவோட 'கருக்கு', இமையத்தோட 'கோவேறு கழுதைகள்' எல்லாம் நீங்க கண்டிப்பா படிக்கணும், அமெரிக்காவுல நடக்கறதுக்கு வருத்தப்படறது நமக்கு சௌகரியமா இருக்குங்கறது அப்பத்தான் தெரியும். ஆனா உங்க தோழி திரும்பி வர்ற முதல் மாசமே அதை எடுக்காதீங்க, எல்லார் கண்ணும் மறுபடி அவங்க பக்கமே போகும். ஒருவேளை அவங்க வராத மாசத்துல அந்த ரெண்டையும் படிங்க, யாரைப் பார்த்துத் திரும்புவீங்கன்னு பார்க்கலாம்.

அப்புறம், வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து அவங்களை எடுத்துட்டு புதுசா ஆறு பேருக்கு ஒரு குரூப் ஆரம்பிச்சிருந்தா அதை உடனே கலைச்சுடுங்க. எந்தப் புக்கு, எந்த ஞாயிறு, யார் வீடு, எல்லாருக்கும் போற மெசேஜ் அவங்களுக்கும் போகட்டும், அவங்களுக்குன்னு தனியா ஒரு வரியும் சேர்க்க வேணாம்.