அழுது முடிக்காத செத்த வீடு: கேள்வி பதில்

கொரோனா போய் இத்தனை வருசமாகியும் மனசு தெளியவில்லை என்பவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் நிறையப் பேர். உளவளத்துணையாளராக நான் தினமும் காண்பது அவர்களைத்தான். இந்தக் கிழமை வந்த கேள்விகளை, கேட்டவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தந்திருக்கிறேன்.

கல்லடி, ஒரு மகள்: அம்மா 2021 ஆகஸ்டில் கொரோனாவில் போனார். பெட்டியை மூடியே கொண்டுபோனார்கள், முகம் பார்க்கவில்லை. நாங்கள் வீட்டில் தனிமைப்படுத்தலில் இருந்தோம், எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவும் இல்லை. அம்மாவின் மருந்துப் பையை இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு அழுகையே வரவில்லை. கல்நெஞ்சா?

இல்லை தங்கச்சி. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும்? பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். வருகிற ஒவ்வொருத்தரும் "கடைசியில் எப்படிப் போனவ?" என்று கேட்பார்கள். நாங்களும் திரும்பத் திரும்பச் சொல்லுவோம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஆள் போய்விட்டார் என்பதை மனசு ஒத்துக்கொள்கிறது. உங்களுக்கு அது ஒன்றுமே கிடைக்கவில்லை. முகம் பார்க்காததால் மனசின் ஒரு மூலை, அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறா என்று காத்திருக்கிறது. பை கட்டியபடி இருப்பதும் அதனால்தான்.

அந்தச் செத்த வீட்டை இப்போது வையுங்கள். நாள் பிந்திவிட்டது என்று யோசிக்க வேண்டாம். சகோதரங்களையும் அம்மாவோடு பழகிய நாலு பேரையும் கூப்பிட்டு, அவ விரும்பிய கறியைச் சமைத்து, ஆளுக்கொரு கதை சொல்ல விடுங்கள். கடைசியில், துணைக்கு ஒருத்தரை வைத்துக்கொண்டு பையைப் பிரியுங்கள். நான் பக்கத்தில் இருக்க ஒரு பெண் இப்படித் தாயின் பையைத் திறந்தார். ஒரு கிளினிக் கொப்பி, பாதி முடிந்த குளிசை அட்டை, எட்டாக மடித்த பஸ் ரிக்கற். அந்த ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் அழத் தொடங்கினார்.

ஆறு மாதம் தாண்டியும் துக்கம் ஆளை அன்றாட வேலை செய்யவிடாமல் முடக்கினால், அதை 'நீடித்த துக்கம்' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே சொல்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

அக்கரைப்பற்று, ஒரு மகன்: வாப்பா 2020 டிசம்பரில் கொரோனாவில் மௌத்தானார். எரித்துவிட்டார்கள். உம்மா சமைக்கிறா, தொழுகிறா. வாப்பாவின் பேச்சை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிறா.

தம்பி, உங்கள் உம்மா சுமப்பது இழப்பை மட்டுமல்ல, ஒரு அநியாயத்தையும். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் வந்த அரசின் வர்த்தமானி கொரோனாவில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அதை மாற்றினார்கள். மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. உங்கள் வாப்பாவுக்கு இதெல்லாம் பிந்திப் போயிற்று.

அதனால் "மறந்துவிடுங்க உம்மா" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. "நாங்கள் விட்டுக்கொடுத்துவிட்டோமோ" என்ற குற்ற உணர்வு உள்ளே இருக்கும். கட்டாயத்தில் நடந்ததற்கு அவ பொறுப்பில்லை என்பதை, அவ மதிக்கிற மௌலவி ஒருவர் நேரில் வந்து சொன்னால் அதன் பெறுமதி வேறு. போய் நின்று துஆச் செய்ய ஒரு கபுறு இல்லையென்றால், வாப்பா பேரில் ஒரு கிணறோ ஒரு தென்னங்கன்றோ இருக்கட்டும். உம்மாவைப் பேசவைக்க அவசரப்படாதீர்கள். பக்கத்தில் இருந்து நீங்களே வாப்பாவின் கதையைச் சொல்லுங்கள். எழும்பிப் போனாலும் காது கேட்கும்.

ஆரையம்பதி, ஒரு பெரியவர்: சுனாமியையே கண்டவர்கள் நாங்கள். இதுவெல்லாம் ஒரு பாதிப்பா?

ஐயா, 2004இல் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் ஒன்றாகப் படுத்தோம், ஒரே கிடாரத்தில் சமைத்துச் சாப்பிட்டோம். கொரோனாவில் பக்கத்து வீட்டு மனிசரின் மூச்சே பயமாகிவிட்டது. ஆறுதல் சொல்லப் போவதே ஆபத்து என்றால் மனிதர் எங்கே போவது? பெருந்தொற்றின் முதல் வருடத்தில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது.

எங்களுக்கு அதற்கு மேல் பழைய காயங்களும் இருந்தன. 2019 ஈஸ்டர் குண்டுக்கு ஒரு வருடம் ஆகுமுன்பே, 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தது. அந்தச் சொல்லே எங்களுக்கு யுத்தத்தின் சொல். அந்தக் காலத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ட தாய்க்கு, இராணுவம் நடத்திய தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு மகனை ஏற்றிய பஸ் என்னவாகத் தெரிந்திருக்கும்?

சம்மாந்துறை: இன்னும் நாளுக்கு முப்பது தரம் கை கழுவுகிறேன். தோல் உரிகிறது.

இது எண்ணச் சுழற்சி நோய் (OCD) போலத் தெரிகிறது, ஒரே பயமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வரும். நன்றாகக் குணப்படுத்தலாம். கழுவத் தோன்றும்போது ஐந்து நிமிடம் பொறுங்கள், அப்புறம் பத்து. பயம் ஏறி, தானாகவே இறங்கும். கையில் புண் வந்துவிட்டதால் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கல்முனை, ஒரு தாய்: மகன் முதலாம் ஆண்டு சேர்ந்தது 2020இல். இன்றைக்கும் வகுப்பில் வாய் திறக்கிறானில்லை.

சேர்ந்த சில கிழமையிலேயே பள்ளிக்கூடம் பூட்டப்பட்ட பிள்ளை அவன். சண்டை பிடித்து, கோபம் போட்டு, திரும்பச் சேரப் பழகும் வயதில் வீட்டுக்குள் இருந்தான். இன்னொரு ரியூசன் போட வேண்டாம். சனிக்கிழமைகளில் ஒரேயொரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், முற்றத்தில் விளையாடட்டும். வகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள், எழுப்பி நிறுத்திக் கேட்காமல் பக்கத்தில் வந்து கேட்கட்டும்.

களுவாஞ்சிகுடி: கிளினிக்குப் போனால் ஊர் பைத்தியம் என்னும். குளிசையும் பழகிப் போகுமாமே?

மனச்சோர்வுக் குளிசை சாராயம் போல ஆளைப் பிடிக்காது. வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 கிழமை ஆகும். அதற்குள் "ஒன்றும் சரிவரவில்லை" என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். சுகம் வந்த பிறகும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியர் மெல்ல மெல்லக் குறைத்துத் தருவார். ஊரை நினைத்துத் தயங்கினால் முதலில் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். அந்த நேரமே அழையுங்கள், வீட்டில் ஒருத்தரையும் எழுப்புங்கள்.