எடை குறைந்த பேஸ் ஆம்ப்: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: 300 வாட் வால்வு ஹெட் (பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை, 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றுடன் இணைத்துப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இனி அதைத் தூக்க முதுகு இடம் கொடுக்காது. இப்போது இரண்டு கிலோ எடையில் 500 வாட், 800 வாட் என்று ஹெட்கள் வருகின்றன. இது எப்படிச் சாத்தியமாகிறது? அந்த எண்களை நம்பி வாங்கலாமா?

பதில்: எடை குறைந்ததில் மாயம் எதுவும் இல்லை. 1969இல் வெளிவந்த ஆம்பெக் எஸ்.வி.டி. ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 300 வாட் திறனுக்கு அதில் 14 வால்வுகள் இருந்தன. எடை 35 கிலோவுக்கு மேல். அந்த எடையில் பெரும்பகுதி இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் இரும்பு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 சுழற்சிகளில் வருவதால், அதை அப்படியே மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பெரிய இரும்பு உள்ளகம் தேவைப்படுகிறது. புதிய ஹெட்களில் இருப்பது கணினிகளில் நாம் பார்த்துப் பழகிய எஸ்.எம்.பி.எஸ். வகை மின்வழங்கி. அது மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைப்பதால், கைக்குள் அடங்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதுமானதாகிறது. இத்துடன் 'கிளாஸ் டி' என்னும் பெருக்கி முறையும் சேர்கிறது. அதன் டிரான்சிஸ்டர்கள் முழுமையாகத் திறந்திருக்கும் அல்லது முழுமையாக மூடியிருக்கும். இடைநிலையில் நின்று வெப்பத்தைக் கக்குவது மிகக் குறைவு. ஆகவே கனமான அலுமினிய வெப்பத்தகடுகளுக்கும் வேலை இல்லாமல் போனது. இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததும் அன்று: 1970களிலேயே வால்டர் வுட்ஸ் செய்த சின்னஞ்சிறு ஆம்ப்களை ஜாஸ் டபுள் பேஸ் கலைஞர்கள் தேடி வாங்கினார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். ஹெட்டின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் வாட் அளவு, பெரும்பாலும் 4 ஓம் சுமைக்கு உரியது (ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு). உங்களிடம் இருப்பதோ 8 ஓம் கேபினெட். வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், 8 ஓம் தேர்வில் வைத்தாலும் ஏறத்தாழ முழுத் திறனும் கேபினெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. புதிய ஹெட்களில் அந்த ஏற்பாடு இல்லை. ஓம் இருமடங்கானால் வாட் ஏறத்தாழ பாதியாகிவிடும். அகிலார் டோன் ஹாமர் 500 என்னும் ஹெட் 4 ஓமில் 500 வாட் தருகிறது, 8 ஓமில் 250 வாட்தான். மெசா சப்வே டி-800 ஹெட்டும் 8 ஓமில் 400 வாட் அளவிலேயே நிற்கிறது. அதாவது '500' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால், உங்கள் பழைய 300 வாட்டைவிடக் குறைந்த திறனோடுதான் மேடை ஏறுவீர்கள்.

ஆனால் இதற்காகக் கலங்க வேண்டாம், ஏனென்றால் காது வாட்டை எண்ணுவதில்லை. திறன் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். இருமடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்குத் திறன் வேண்டும். 250 வாட்டுக்கும் 300 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. 400 வாட் என்றால் ஒரு டெசிபெல்லை ஒட்டிய கூடுதல், அவ்வளவுதான். அதே நேரத்தில், ஒரு வாட் திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபெல் தரும் கேபினெட்டை வைத்துவிட்டு 100 டெசிபெல் தரும் கேபினெட்டை இணைப்பது, ஆம்பின் திறனை இருமடங்காக்குவதற்குச் சமம். இன்னும் ஒரு 8 ஓம் கேபினெட்டை, அதுவும் இப்போதுள்ளதைப் போன்றதையே சேர்த்தால், சுமை 4 ஓமாகி ஆம்ப் தன் முழுத் திறனைத் தரும். இரண்டு கேபினெட்களும் சேர்ந்து இயங்குவதால் தாழ்ந்த சுரங்களில் மொத்தம் 6 டெசிபெல் வரைகூடக் கிடைக்கும். ஹெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கேபினெட்டுக்குத் திருப்புவது பற்றி யோசியுங்கள் என்பதே என் கருத்து. அதிலும் நியோடிமியம் காந்தம் கொண்ட ஸ்பீக்கர்களைத் தேர்ந்தால் முதுகும் நன்றி சொல்லும்.

கேள்வி: எத்தனை வாட் இருந்தாலும் இந்தச் சிறிய ஹெட்களின் ஒலியில் 'கனம்' இல்லை என்று மூத்த கலைஞர்கள் சொல்கிறார்களே, அது வெறும் பழக்கத்தின் பேச்சா?

பதில்: முழுவதும் பழக்கத்தின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. வால்வு ஆம்ப் தன் எல்லையை நெருங்கும்போது சட்டென்று முறியாமல், உச்சங்களை மெல்ல அழுத்தி, இசைக்கு உகந்த மேற்சுரங்களைச் சேர்த்துக் கொடுக்கிறது. எல்லையைச் சற்றுத் தாண்டி வாசித்தாலும் காது அதைத் தடிப்பு என்றே ஏற்றுக்கொள்கிறது. 'கிளாஸ் டி' ஹெட் எல்லையைத் தொட்டால் ஒன்று கரடுமுரடாக வெட்டும், அல்லது உள்ளே இருக்கும் லிமிட்டர், அதாவது ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் சுற்று, கையைப் பிடித்துக்கொள்ளும். லிமிட்டர் பிடித்த நிலையில்தான் 'ஓசை இருக்கிறது, உதை இல்லை' என்ற குறை எழுகிறது. எனவே வால்வு ஆம்புக்குச் சமமான வாட் உள்ள ஹெட்டை வாங்கி அதை முழுமூச்சில் ஓட்டுவதைவிட, உங்கள் கேபினெட்டின் ஓம் அளவில் இருமடங்குத் திறன் தரக்கூடியதை வாங்கி, பாதித் திறனில் ஓட்டுவதே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு, இது பலர் கவனிக்காதது. நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த 'இ' 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தியின் 'பி' 31 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கேபினெட்கள் அந்த ஆழத்தில் பயனுள்ள ஒலியைத் தருவதில்லை. நாம் கேட்பது பெரும்பாலும் அவற்றின் இருமடங்கு அலைவரிசையில் ஒலிக்கும் மேற்சுரத்தைத்தான். ஆகவே ஸ்பீக்கரையும் ஆம்பையும் காக்க, பல புதிய ஹெட்களில் மிகத் தாழ்ந்த அலைவரிசைகளை வடிகட்டிவிடுகிறார்கள். தனியறையில் வாசித்துப் பார்ப்பவருக்கு இது மெலிவாகத் தோன்றலாம். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது அதே வடிகட்டி ஒலியைத் தெளிவாக்குவதை உணர்வீர்கள். குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்தால் ஒலி சமதளமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். டோன் ஹாமரைப் போல, நடுநிலையிலேயே தனக்கென்று ஒரு குணம் காட்டும் ஹெட்களும் இருக்கின்றன, சப்வேயைப் போல அடக்கமாக நிற்பவையும் இருக்கின்றன.

கேள்வி: முன்பெருக்கியில் (ஒலியின் குணத்தை அமைக்கும் முதல் கட்டத்தில்) ஒரு வால்வு வைத்த ஹெட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: அந்த ஒலி பிடித்திருந்தால் கொடுக்கலாம், வால்வு என்ற பெயருக்காக வேண்டாம். பழைய ஆம்ப்களின் குணத்தில் பெரும்பங்கு பவர் வால்வுகளுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உரியது. முன்பெருக்கியில் இருக்கும் ஒற்றை வால்வு அதை முழுமையாக ஈடுசெய்யாது. வால்வே இல்லாமல் திரிபு ஒலிக்குப் பெயர் பெற்ற டார்க்கிளாஸ் ஹெட்கள் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என்னிடம் மூன்று 8 ஓம் கேபினெட்கள் உள்ளன. மூன்றையும் ஒரே ஹெட்டில் இணைக்கலாமா?

பதில்: மூன்றும் இணையாகச் சேர்ந்தால் சுமை 2.67 ஓம். ஹெட்டின் பின்புறத்தில் 'குறைந்த அளவு 4 ஓம்' என்று இருந்தால் இணைக்கக் கூடாது; 2.67 அல்லது 2 ஓம் வரை அனுமதி இருந்தால் தாராளமாக இணைக்கலாம். இத்தகைய ஹெட்கள் பலவற்றில் ஸ்பீக்கர் இணைப்பின் இரண்டு முனைகளிலும் மின்அழுத்தம் இருக்கும், எதுவும் தரையிணைப்பு அன்று. ஆகவே சாதாரண ஜாக் கம்பியைத் தவிர்த்து, ஸ்பீக்கான் என்னும், திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் இணைப்பையே பயன்படுத்துங்கள். அந்த வெளியீட்டைப் பதிவுக் கருவியிலோ மிக்ஸரிலோ ஒருபோதும் செருகாதீர்கள். அதற்கு, மிக்ஸருக்கு ஏற்ற அளவில் ஒலியை அனுப்பும் டி.ஐ. வெளியீடு தனியாக உண்டு.

கேள்வி: பழுதானால் இவற்றைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: வால்வு ஆம்பைப் போல ஒவ்வோர் உறுப்பாக மாற்றுவது கடினம். உறுப்புகள் மிகச் சிறியவை, பலகையின் மேற்பரப்பில் ஒட்டப்பட்டவை. பெரும்பாலும் பவர் பகுதியை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுவார்கள். அந்தப் பகுதியின் தயாரிப்பு நின்றுவிட்டால் சிக்கல்தான். ஆகையால் உத்தரவாதக் காலத்தையும், உதிரிப் பாகங்களை நிறுவனம் எவ்வளவு காலம் தரும் என்பதையும் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மேடையில் தொழில்முறையாக வாசிப்பவராக இருந்தால், டிரேஸ் எலியட் எல்ஃப் போன்ற 200 வாட் ஹெட் ஒன்றையும் மாற்றாக வைத்துக்கொள்ளலாம். முக்கால் கிலோகூட இல்லாத அது, கிட்டார் உறையின் பையிலேயே அடங்கிவிடும்.